மெக்னீசியத்தைப் பற்றவைப்பது: உடைந்த பழைய மெஷினுக்கு ஆர்கான் வைத்தியம்

என்னிடம் ஒரு பழைய செயின் சா இருக்கிறது. மர டிப்போ ஒன்றின் மூலையில் கிடந்ததைப் பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கி வந்தேன். பார்க்க அத்தனை பெரிய உடம்பு, தராசில் வைத்தால் எடையே காட்டவில்லை. நமக்கு லாபம் என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஏன் இவ்வளவு லேசாக இருக்கிறது என்று அப்போது யோசிக்கவில்லை.

பின் கைப்பிடியைத் தாங்கும் காது ஒன்று அடியோடு முறிந்திருந்தது. நல்லவேளையாக முறிந்த துண்டு எண்ணெயும் மரத்தூளும் அப்பி செயின் கவருக்குள்ளேயே கிடந்தது. பட்டறைக்குக் கொண்டுபோனேன். "அலுமினியம்தானே, சாயங்காலம் வாங்க" என்றார்கள். சாயங்காலம் போனால் ஒட்டு பளபளவென்று இருந்தது. வீட்டுக்கு வந்து போல்ட்டை இறுக்கினேன். இரண்டாவது சுற்றில் டிக்கென்று ஒரு சத்தம். காது கையோடு வந்துவிட்டது, அப்பளம் உடைந்த மாதிரி.

அடுத்துப் போன பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். துண்டைக் கையில் வாங்கி இரண்டு முறை தூக்கிப் போட்டுப் பிடித்தார். ஓரத்தை அரத்தால் லேசாக உரசினார். சாப்பாட்டுப் பொட்டலத்தில் மீந்திருந்த எலுமிச்சைத் துண்டை எடுத்து, உரசிய இடத்தில் ஒரு சொட்டுப் பிழிந்தார். சோடா மாதிரி நுரைத்தது.

"இது அலுமினியம் இல்லீங்க தம்பி, மெக்னீசியம். இதுல அலுமினிய ராடு போட்டா நிக்காதுங்க."

நம் பக்கம் வெல்டிங் செய்வதைப் பற்றவைப்பது என்போம். தீ மூட்டுவதும் பற்றவைப்பதுதான். இரும்பில் இந்த இரண்டு அர்த்தமும் ஒன்றோடொன்று மோதுவதில்லை. மெக்னீசியத்தில் மோதும். பள்ளிக்கூட ஆய்வகத்தில் மெக்னீசிய நாடாவை இடுக்கியில் பிடித்து எரித்துக் காட்டியது ஞாபகம் இருக்கும்: கண் கூசும் வெள்ளை வெளிச்சம், மிச்சமாக வெள்ளைச் சாம்பல். அந்தக் காட்சி மனதில் இருப்பதால்தான் பல பட்டறைகளில் மெக்னீசியம் என்றதும் கும்பிடு போட்டுவிடுகிறார்கள். பயப்பட வேண்டிய உலோகம்தான். ஆனால் பெரும்பாலோர் பயப்படும் இடம் வேறு, பயப்பட வேண்டிய இடம் வேறு.

எதில் இருக்கிறது, எப்படிக் கண்டுபிடிப்பது

ஒரு கன சென்டிமீட்டர் இரும்பு ஏறக்குறைய 7.8 கிராம். அலுமினியம் 2.7. மெக்னீசியம் 1.74. கையில் தூக்கி நாள் முழுக்க வேலை செய்யும் மெஷினுக்கு இந்த வித்தியாசம் பெரிய விஷயம். அதனால்தான் செயின் சாவின் கிராங்க் கேஸ் (எஞ்சினின் அடிக்கூடு), வட்ட ரம்பத்தின் உடம்பும் அடித்தட்டும், சில டிரில்களின் கியர் ஹவுசிங் என்று பல இடங்களில் மெக்னீசிய வார்ப்பைப் பார்க்கலாம். செயின் சா செய்யும் ஜெர்மானிய நிறுவனமான ஷ்டீல் (Stihl), பிரூம் என்ற ஊரில் இதற்கென்றே சொந்தமாக மெக்னீசிய வார்ப்பாலை வைத்திருக்கிறது. பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் எஞ்சின் பிளாக்கும் மெக்னீசியம்தான்.

இன்னொரு பக்கம், நாம் பைக்கில் "மேக் வீல்" என்கிறோமே, அதில் பெரும்பாலும் மெக்னீசியம் கிடையாது. முதலில் பந்தய வண்டிகளுக்கு மெக்னீசியத்தில் வந்த சக்கரத்தின் பெயர் அலுமினியச் சக்கரத்துக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

மெஷின்களில் இருப்பது சுத்த மெக்னீசியமும் இல்லை, கலவை. அதிகம் புழங்குவது ஏ.இசட். 91. ஏ என்றால் அலுமினியம், இசட் என்றால் துத்தநாகம். சுமார் 9 சதவீதமும் 1 சதவீதமும் சேர்த்தது, மீதி மெக்னீசியம். புதிய வார்ப்புகளில் உள்பக்கத்தில் இந்த எழுத்தே பொறித்திருக்கும். பழையவற்றில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது.

எலுமிச்சை இல்லாவிட்டால் வினிகரும் போதும். பெயின்டைச் சுரண்டி உலோகம் தெரியும் இடத்தில் விட வேண்டும். மெக்னீசியம் உடனே நுரைக்கும், அலுமினியம் சும்மா இருக்கும். துத்தநாக வார்ப்பும் லேசாகக் குமிழிடலாம், ஆனால் அது தூக்கினாலே இரும்பு மாதிரி கனக்கும், ஏமாற வழியில்லை. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தொங்கவிட்டு எடை போடும் சின்னத் தராசு போதும். ஒரு நூலில் துண்டைக் கட்டிச் சும்மா தொங்கவிட்டு ஒரு எடை, தண்ணீருக்குள் முழுக்க மூழ்கவிட்டு ஒரு எடை. என் துண்டு வெளியே 90 கிராம், தண்ணீருக்குள் 40. குறைந்தது 50. தொண்ணூறை ஐம்பதால் வகுத்தால் 1.8. அலுமினியமாக இருந்திருந்தால் 2.7 பக்கம் வந்திருக்கும். முதல் பட்டறைக்குப் போகும் முன்பே இதைச் செய்திருந்தால் ஒரு ஒட்டுக் கூலி மிச்சம்.

எது எரியும், எது எரியாது

கட்டை விறகில் நேரடியாகத் தீக்குச்சியை வைத்தால் பிடிக்காது, சுள்ளியில் பிடிக்கும். மெக்னீசியமும் அப்படித்தான். தடிமனான வார்ப்பில் ஒரு இடத்தைச் சூடாக்கினால் அந்தச் சூடு உடனே மற்ற பகுதிக்கு ஓடிவிடும். அந்த உலோகம் உருகும் நிலைக்குப் பக்கத்தில் வந்தால்தான் ஆபத்து. வெல்டிங்கில் உருகும் சிறு குட்டையையோ ஆர்கான் வாயு போர்த்தியிருக்கிறது. காற்று படாத வரை அது எரியாது. வாயு திடீரென்று நின்றுபோனால் ஆர்க்கை, அதாவது உருக்கும் மின்பொறியை, நிறுத்திவிட வேண்டியதுதான், குட்டை கண நேரத்தில் உறைந்துவிடும்.

எரிவது தூள். அரம் போட்ட தூள், டிரில் சுருள், கிரைண்டர் அடித்த பொடி. ஒவ்வொன்றும் ஒரு சின்ன மெக்னீசிய நாடா என்று வைத்துக்கொள்ளலாம். ஒட்டுக்காக வெட்டு போட்ட தூளை மேஜையிலேயே விட்டுவிட்டு அதன் மேல் ஆர்க் போடுவதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய மிகப்பெரிய முட்டாள்தனம். அதற்கடுத்தது, இரும்பு அடிக்கும் அதே சாணையில் மெக்னீசியத்தையும் அடிப்பது. சாணையைச் சுற்றித் தேங்கிய மெக்னீசியப் பொடியில் நாளைக்கு இரும்பின் பொறி விழும். துருவோடு சேர்ந்தால் இன்னும் மோசம்.

பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. எரியும் மெக்னீசியம் தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு ஹைட்ரஜனை வெளியே விடும். ஹைட்ரஜன் தானும் எரியும். 1955இல் லே மான் கார் பந்தய விபத்தில் மெக்னீசியக் கலவை உடம்புள்ள மெர்சிடிஸ் கார் எரிந்தபோது தண்ணீர் அடித்ததில் தீ கூடத்தான் செய்தது. கரியமில வாயு சிலிண்டரும் உதவாது, அந்த வாயுவிலும் மெக்னீசியம் எரியும். உலோகத் தீக்கென்று வரும் டி வகைப் பொடி வேண்டும். அது இல்லாத சின்னப் பட்டறையில் குறைந்தபட்சம் ஒரு வாளி நன்றாகக் காய்ந்த மணல். ஈர மணல் என்றால் மறுபடி தண்ணீர்க் கதைதான். பெரியவரின் பட்டறையில் அந்த வாளிக்கு மூடி போட்டிருந்தது, மழைச் சாரலுக்காக. சிமென்ட் தரையில் ஈரம் இருக்கும் என்பதால் வேலையும் இரும்புத் தகட்டின் மேல்தான்.

எரியும் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்க்க வேண்டாம் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னதுதான்.

உருகாத தோல்

தீயைத் தாண்டினால் அடுத்த சிக்கல் ஆக்சைடு. மெக்னீசியம் 650 டிகிரியில் உருகும். அதன் மேல் காற்றுபட்டுப் படியும் மெக்னீசியம் ஆக்சைடு உருக 2800 டிகிரி வேண்டும். சேலத்தில் வெட்டியெடுக்கும் மேக்னசைட்டைச் சுட்டு எஃகு உலைக்குள் அடுக்கும் செங்கல் செய்கிறார்களே, அந்தச் செங்கலின் சரக்கு இதே ஆக்சைடுதான். எஃகே உருகி ஓடும் உலையில் உருகாமல் நிற்கிற பொருள். அதுதான் நம் துண்டின் மேல் மெல்லிய தோலாகப் படிந்திருக்கிறது. உள்ளே உலோகம் உருகித் தண்ணீராக இருக்கும், மேலே தோல் பை மாதிரி பிடித்து வைத்திருக்கும். இரண்டு துண்டும் பக்கத்துப் பக்கத்தில் உருகி நின்றாலும் ஒன்றோடொன்று கலக்காது.

இந்தச் சிக்கலைத் தீர்க்கப் போய்த்தான் ஆர்கான் வெல்டிங்கே வந்தது என்றால் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் நார்த்ராப் விமான நிறுவனம் மெக்னீசியத்தில் விமானம் செய்யப் பார்த்தது. ஒட்டுவதற்கு ஒழுங்கான வழி இல்லை. அங்கே வேலை பார்த்த ரஸ்ஸல் மெரிடித் டங்ஸ்டன் முனையில் ஆர்க் போட்டு, சுற்றிலும் ஹீலியம் வாயுவை ஓடவிட்டு ஒட்டும் முறையை உருவாக்கினார். 1942இல் காப்புரிமை கிடைத்தது. ஹீலியத்தையும் ஆர்க்கையும் சேர்த்து ஹீலியார்க் என்று பெயர் வைத்தார்கள். பின்னால் ஹீலியம் போய் ஆர்கான் வந்தது. இன்று கேட்டுக்கும் கிரில்லுக்கும் ஸ்டெயின்லெஸ் குழாய் ஒட்டும் ஒவ்வொரு ஆர்கான் மெஷினும் அந்த வம்சம்.

தோலை உடைப்பது ஏசி மின்சாரம். மின்னோட்டம் ஒரு பாதியில் துண்டுக்குள் சூட்டை இறக்குகிறது, திசை திரும்பும் மறு பாதியில் மேலே இருக்கும் ஆக்சைடைப் பிய்த்து எறிகிறது. நொடிக்குப் பல முறை இது மாறி மாறி நடக்கும். கண்ணாடி வழியாகப் பார்த்தால் குட்டையைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம் சுத்தமாகிக்கொண்டே வருவது தெரியும். டிசி மட்டும் உள்ள மலிவான இன்வெர்ட்டர் மெஷினோடு இந்த வேலைக்கு இறங்க வேண்டாம்.

எண்ணெய்

ஆனால் பழைய மெஷினில் உண்மையான எதிரி ஆக்சைடும் இல்லை, எண்ணெய். உருகிய உலோகத்தை அச்சுக்குள் அழுத்தி வார்க்கும் டை காஸ்டிங் வார்ப்பு வெளியே வழவழவென்று இருந்தாலும் உள்ளே பஞ்சு மாதிரி நுண்ணிய துளைகள் இருக்கும். முப்பது வருஷம் செயின் ஆயிலும் பெட்ரோலும் குடித்த வார்ப்பு அது. மேலே துடைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். ஆர்க் பட்டதும் உள்ளே இருப்பதெல்லாம் கொதித்து மேலே வந்து குட்டையில் கறுப்புக் குமிழாக வெடிக்கும்.

பெரியவர் ஒட்டியது கால் மணி நேரம் இருக்காது. அதற்கு முன் செய்த வேலைதான் அரை நாள். முதலில் கார்புரேட்டர், டேங்க், ஆயில் சீல், பேரிங் எல்லாவற்றையும் கழற்றச் சொன்னார். பெட்ரோல் வாசனை துளி இருந்தாலும் உள்ளே கொண்டுவரக் கூடாது என்றார். பிறகு சோப்புத் தண்ணீரில் கழுவி, காயவைத்து, அசிட்டோனில் துடைத்தார். பிரேக் கிளீனர் ஸ்ப்ரே போடலாமா என்று நான் கேட்டதற்கு வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டார். குளோரின் கலந்த கிளீனர் ஆர்க்கின் சூட்டில் பாஸ்ஜீன் என்ற நச்சு வாயுவாக மாறக்கூடியது. டப்பாவில் இருப்பது என்ன வகை என்று தெரியாவிட்டால் தொடாமல் இருப்பதே மேல்.

பிறகு முறிந்த முகம் இரண்டையும் கார்பைடு பர் (சுழன்று வெட்டும் சின்ன முனை) வைத்துச் சரிவாக வெட்டினார், இரண்டையும் சேர்த்து வைத்தால் நடுவில் 'வி' வடிவப் பள்ளம் வரும்படி. நடுவில் மட்டும் கொஞ்சம் பழைய முறிவை வெட்டாமல் விட்டார். உடைந்த பல் உடைந்த பல்லோடுதான் சரியாகப் பொருந்தும். முழுக்க வெட்டிவிட்டால் காது எந்தக் கோணத்தில் இருந்தது என்பதே தெரியாமல் போகும். முதல் பட்டறை போட்ட அலுமினியம் கலந்த பகுதியைத் துளிகூட விடாமல் வெட்டி எடுத்ததில்தான் நேரம் போனது. கிராங்க் கேஸில் இருந்து இன்னொரு மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. அதன் நுனியில் ஒரு சின்ன ஓட்டை போட்டார். இல்லாவிட்டால் சூடு பட்டதும் விரிசல் ஓட்டம் பிடிக்கும். தூளையெல்லாம் ஒரு தகர டப்பாவில் கூட்டி, மூடி வெளியே கொண்டுபோய் வைத்தார்.

கடைசியாக ஒரு முறை சூடாக்கி எண்ணெயை வியர்க்க வைத்தார். மெதுவாக நூற்றைம்பது டிகிரி வரை ஏற்றினால் துளைகளில் இருப்பது வெளியே கசியும், துடைக்கலாம், மறுபடி சூடாக்கலாம். மூன்று முறை செய்த பிறகுதான் துணியில் கறை வராமல் நின்றது. சூடு பார்க்கத் துப்பாக்கி மாதிரி வரும் தெர்மாமீட்டரைப் பளபளப்பான உலோகத்தில் காட்டினால் தப்பாகக் குறைத்துக் காட்டும். ஒட்டு வராத ஒரு ஓரத்தில் மார்க்கரால் கறுப்புப் பொட்டு வைத்து அதில் காட்ட வேண்டும். ஒட்டுவதற்கு முன் இதற்கென்றே தனியாக வைத்திருக்கும் ஸ்டெயின்லெஸ் பிரஷ்ஷால் ஒரு தேய்ப்பு. இரும்பு தேய்த்த பிரஷ்ஷை இதில் வைத்தால் பிரஷ்ஷில் இருக்கும் இரும்புத் துகள் மெக்னீசியத்தில் புதைந்து பிறகு அங்கேயே அரிக்கத் தொடங்கும்.

குட்டை

ஒட்டில் உருக்கிச் சேர்க்கும் கம்பியான ராடு, ஏ.இசட். 92 அல்லது ஏ.இசட். 61. வார்ப்புக்கு முதலாவது பொருத்தம். விலை கூட, எல்லாக் கடையிலும் கிடைக்காது. ராடும் மெக்னீசியம்தான் என்பதால் அதன் மேலும் சாம்பல் தோல் இருக்கும். பளிச்சென்று ஆகும்வரை சுரண்டி, அசிட்டோனில் துடைத்துத்தான் கையில் எடுக்க வேண்டும்.

அலுமினிய ராடு ஏன் ஆகாது என்பதை இங்கே சொல்லிவிடலாம். மெக்னீசியமும் அலுமினியமும் ஓரளவுக்கு மேல் கலந்தால் இரண்டும் சேர்ந்த ஒரு புதுச் சேர்மம் உருவாகும். அது கடினமானது, ஆனால் கண்ணாடி மாதிரி நொறுங்கும். சாதாரண அலுமினிய ராடில் சிலிக்கானும் இருப்பதால் இன்னொரு நொறுங்கும் சேர்மமும் கூடச் சேரும். என் காது இரண்டாவது சுற்றிலேயே போனதற்குக் காரணம் அதுதான். காணாமல் போன துண்டுக்குப் பதிலாக அலுமினியத் தகட்டை வெட்டி ஒட்டச் சொன்னாலும் இதே கதி. வேறொரு உடைந்த மெக்னீசிய மெஷினிலிருந்து துண்டு எடுப்பதுதான் வழி.

ஒரே அளவுள்ள துண்டை உருக்க அலுமினியத்துக்கு ஆகும் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மெக்னீசியத்துக்குப் போதும். அதனால் அலுமினியத்தில் கை பழகியவர்கள் முதலில் செய்வது ஓட்டை போடுவது. இரும்பு என்றால் சிவந்து எச்சரிக்கும். இது நிறம் மாறாமல் இருந்து, ஒரு கணத்தில் மேற்பரப்பு கண்ணாடியாகப் பளபளக்கும், அடுத்த கணம் சொத்தென்று கீழே விழும். அந்தப் பளபளப்பு வந்ததும் ராடைத் தொட்டு எடுக்க வேண்டும். பெரியவர் ஆம்பியரைக் குறைத்து வைத்து, டங்ஸ்டனைத் துண்டுக்கு மிக அருகில் பிடித்து, ராடை முக்கி முக்கி எடுத்தது பார்க்க ஊசியால் தையல் போடுகிற மாதிரி இருந்தது. ஒரே ஓட்டமாகப் போகவில்லை. ஒரு சென்டிமீட்டர், நிறுத்தம், எதிர்ப்பக்கம் ஒரு சென்டிமீட்டர்.

அவசரப்படாததற்குக் காரணம் இருக்கிறது. ஏ.இசட். 91 ஒரே சூட்டில் டக்கென்று உறைவதில்லை. அறுநூறு டிகிரிக்குப் பக்கத்தில் உறையத் தொடங்கி 470 வரை கூழாகவே இருக்கும். அந்தக் கூழ் நிலையில் சுற்றியுள்ள உலோகம் சுருங்கி இழுத்தால் ஒட்டின் நடுவே விரிசல் விழும். முன்கூட்டியே சூடேற்றுவதும், விட்டுவிட்டு ஒட்டுவதும், முடிவில் ஆர்க்கைச் சட்டென்று எடுக்காமல் பள்ளத்தை ராடால் நிரப்பிவிட்டு மெதுவாக எடுப்பதும் இதற்காகத்தான். ஒட்டைச் சுற்றிக் கறுப்புப் புகைக் கரி படிவது சகஜம், பிரஷ் போட்டால் போய்விடும். ஒட்டுக்குள்ளேயே கறுப்பு தெரிந்தால் எண்ணெய் இன்னும் இருக்கிறது; அதை வெட்டி எடுத்துவிட்டு மறுபடி. என் துண்டில் ஒரு இடத்தில் அப்படி ஆனது. பெரியவர் ஒன்றும் சொல்லாமல் மறுபடி பர்ரை எடுத்தார்.

இன்னொன்று: பேரிங் உட்காரும் குழிக்குப் பக்கத்தில் ஒட்டுவதென்றால் கிராங்க் கேஸின் இரண்டு பாதியையும் போல்ட் போட்டு இறுக்கிவிட்டு ஒட்ட வேண்டும். தனியாக ஒட்டினால் குழி முட்டை வடிவமாகிவிடும், பிறகு லேத் பட்டறைக்கு நடக்க வேண்டும்.

ஒட்டிய பிறகு

சூடாக இருக்கும்போதே தண்ணீரில் முக்குவது, ஃபேன் வைப்பது எதுவும் வேண்டாம். கண்ணாடி இழைப் போர்வையில் சுற்றி ராத்திரி முழுக்க விட்டுவிட்டார். அலுமினியம் கலந்த மெக்னீசிய ஒட்டில் உள்ளே இறுக்கம் தங்கினால் இன்று நன்றாக இருந்து பல வாரம் கழித்துத் தானாக விரிசல் விடலாம். மெதுவாக ஆறினால் அந்த இறுக்கம் ஓரளவு குறையும்.

அடுத்தது பெயின்ட், அழகுக்காக இல்லை. வீட்டு கீசருக்குள் ஒரு மெக்னீசியக் கம்பி இருக்கும். டேங்க் துருப்பிடிக்காமல் இருக்க, தண்ணீரில் அது முதலில் கரைந்துபோகும். மெஷினிலும் அதே வேலையைத்தான் மெக்னீசியம் செய்யும்: ஈரத்தில் இரும்பு போல்ட்டைக் காப்பாற்றுவதற்காகத் தன் காதைத் தானே கரைத்துக்கொள்ளும். பழைய மெஷின்களில் போல்ட்டைச் சுற்றி வெள்ளை மாவு பூத்திருப்பது அதனால்தான். இரும்பு, நிக்கல், செம்புக் கலப்படத்தைக் கறாராகக் குறைத்த வார்ப்புக் கலவை 1980களில்தான் வந்தது, ஆகவே அதற்கு முந்தைய மெஷின்கள் இன்னும் வேகமாக அரிக்கும். எபாக்ஸி பிரைமர், மேலே பெயின்ட், போல்ட்டுக்கு அடியில் கிரீஸும் ஒரு அலுமினிய வாஷரும். பழைய பெயின்டைச் சுரண்டும்போது முகமூடி போட்டுக்கொள்ளவும். அந்தக் காலத்துப் பெயின்டில் ஈயமும், அடியில் பூசிய பூச்சில் குரோமேட்டும் இருக்க வாய்ப்புண்டு.

எல்லாவற்றையும் ஒட்டத்தான் வேண்டுமா என்றால், வேண்டாம். மரை மட்டும் போயிருந்தால் வெல்டிங் பக்கமே போகாமல் ஹெலிகாயில் என்ற கம்பிச் சுருள் போடலாம். மரையைப் பெரிதாக வெட்டி உள்ளே அந்தச் சுருளைத் திருகினால் பழைய அளவு போல்ட்டே பிடிக்கும், முன்பைவிட உறுதியாகவும். பாரம் தாங்காத மூடியில் விரிசல் என்றால் நல்ல எபாக்ஸி போதும். வட்ட ரம்பத்தின் பிளேடு கார்டைத் தாங்கும் இடமோ கிரைண்டர் சக்கரத்தைப் பிடிக்கும் தலையோ முறிந்திருந்தால் நான் ஒட்ட மாட்டேன், பெரியவரும் மாட்டேன் என்றார். அங்கே ஒட்டு விட்டுப்போனால் பறந்து வருவது மெக்னீசியத் துண்டு மட்டும் இல்லை. அதற்குப் புது ஹவுசிங் தேடலாம், கிடைக்காவிட்டால் மெஷினை உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

என் செயின் சாவின் காதில் போல்ட்டை மறுபடி இறுக்கினேன். இரண்டாவது சுற்றில் நிறுத்தி மூச்சு விட்டுக்கொண்டேன். ஐந்து சுற்று ஆயிற்று, சத்தம் இல்லை. எதிர்ப்பக்கக் காதின் மரைதான் இப்போது வழுக்குகிறது. ஹெலிகாயிலுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.